காப்புறுதி இல்லாத வாகனம், நட்டஈட்டு வழக்கு, கையில் காசில்லை: வங்குரோத்துக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வன்னியில், மல்லாவிப் பக்கம் என் மச்சானின் பட்டா (சின்ன லொறி) ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதுப்பட்டபோது, வாகனத்துக்குக் காப்புறுதி இல்லை. கால் முறிந்த பொடியனின் குடும்பம் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. மச்சான் தோட்டமும் வாகனமும் என்று இருக்கிற ஆள். அதனால் நீதிமன்றம், பிரதேச செயலகம், சட்டத்தரணி வீடு என்று கூடத் திரிந்தது நான்தான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, இதே நிலையில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனையே "வங்குரோத்துக் கேட்டு மனுப் போடு, எல்லாம் அழிஞ்சு போகும்" என்பதுதான். வங்குரோத்து என்றால், கடனைக் கட்ட முடியாதவர் என்று நீதிமன்றம் மூலம் அறிவிக்கப்படுவது. அந்த ஆலோசனையைச் சொன்னவர் கனடாவில் இருக்கிற உறவினர். அங்கே முதல்முறை வங்குரோத்தாகிறவர், மேலதிக வருமானம் இல்லாவிட்டால், 9 மாதத்தில் வெளியே வந்துவிடலாம். இங்கே இலங்கையில் கதை வேறு. பெரும்பாலானவர்களுக்கு வங்குரோத்து கடைசிப் படி. சிலருக்கு அந்தப் படிக்கே போகத் தேவையில்லை. ஏன் என்பது 5ஆம் படியில் வருகிறது. ஆனால் அதற்கு முந்தியவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், அவற்றில்தான் நாட்கணக்கு இருக்கிறது.

1. காப்புறுதி உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள்

"இல்லை" என்று பொலிஸில் சொல்லிவிட்டு வந்திருப்பீர்கள். இருந்தாலும் ஒருமுறை தேடுங்கள். லீசிங்கில் எடுத்த வாகனமென்றால் லீசிங் கம்பனியே காப்புறுதியைப் புதுப்பித்து உங்கள் கணக்கில் ஏற்றியிருக்கலாம். ஓபின் பேப்பரில் (பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாமல்) வாங்கியதென்றால் பழைய உரிமையாளர் பெயரில் ஏதாவது இருக்கலாம். காப்புறுதிச் சான்றிதழ் காட்டாமல் பிரதேச செயலகத்தில் வருட வரிப்பத்திரம் எடுக்க முடியாது. ஆகவே கடைசியாக வரிப்பத்திரம் எடுத்தபோது எந்தக் கம்பனியின் சான்றிதழைக் கொடுத்தீர்கள், அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். கணக்கு விபத்து நடந்த தேதிக்குத்தான், இன்றைய தேதிக்கு அல்ல.

ஒரு துரும்பு கிடைத்தாலும் அன்றைக்கே கம்பனிக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வழக்கு விஷயத்தை நேரத்துக்கு அறிவிக்காவிட்டால், கொடுக்க வேண்டிய கம்பனியும் அதைச் சாட்டிக் கைகழுவிவிடும். தரமாட்டோம் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம்.

ஓபின் பேப்பர்காரருக்கு இன்னொன்று. ஓட்டியவர் நீங்களாக இருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறவரையும் சேர்த்து வழக்கில் இழுப்பார்கள். அவருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். நீதிமன்றக் கடிதம் வந்து அறிந்தால் அவரும் உங்களுக்கு எதிராகத்தான் நிற்பார்.

2. பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு

காப்புறுதி இல்லாமல் ஓட்டியது, கவனயீனமாக ஓட்டியது எல்லாம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். காயப்பட்டவர் காசு கேட்பது மாவட்ட நீதிமன்றத்தில். ஒன்று முடிந்தால் மற்றதும் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இங்கே இருக்கிற பொறி இதுதான்: "குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டத்தைக் கட்டிவிட்டு வா, அலைச்சல் மிச்சம்" என்பார்கள். காப்புறுதி இல்லாததை ஒப்புக்கொள்வது ஒரு விஷயம், அது கடதாசியில் இருக்கிற உண்மை. கவனயீனமாக ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வது வேறு விஷயம். நட்டஈட்டு வழக்கில் அந்த ஒப்புதலைத்தான் முதலில் தூக்கிக் காட்டுவார்கள். சட்டத்தரணியிடம் கேட்காமல் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். நீதவான் விதிக்கிற தண்டமோ, காயப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்கிற நட்டஈடோ பின்னால் வங்குரோத்தானாலும் விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டியவை: உங்கள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மோட்டார் பரிசோதகரின் அறிக்கை, பொலிஸார் கீறிய இட வரைபடம், நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கம். அதோடு இடத்தைப் படமெடுத்து வையுங்கள், பகலிலும் இரவிலும். எங்கள் பக்கத்து வீதிகளில் இருட்டில் நடக்கிற விபத்துகளில், வெளிச்சமில்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியோ, தாரில் படுத்திருக்கிற மாடோ, லைட் எரியாத மோட்டார் சைக்கிளோ அடிக்கடி இருக்கும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மற்றவரின் கவனயீனமும் சேர்ந்திருந்தால் அந்தப் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும். மாடு எழும்பிப் போய்விடும், பெட்டிக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். படம்தான் மிஞ்சும்.

3. கோரிக்கைக் கடிதம் வந்தால்

காயத்துக்கும் நட்டத்துக்கும் வழக்குப் போட, சம்பவம் நடந்ததிலிருந்து 2 வருட அவகாசம் உண்டு. அதனால் ஒரு வருடம் சத்தமில்லாமல் கிடந்தாலும் தப்பிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சட்டத்தரணி மூலம் ஒரு கோரிக்கைக் கடிதம் முதலில் வரும். அதிலுள்ள தொகையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். கேட்கிற தொகை வேறு, நிரூபிக்கக் கூடிய தொகை வேறு. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்பதால், செலவுப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பற்றுச்சீட்டு கேட்கலாம். உழைப்பு இழப்பு, வேதனை, நிரந்தர ஊனம் ஆகியவைதான் தொகையை ஏற்றும். மரணம் நடந்திருந்தால் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமும் வருகிறது. அங்கே குடும்பத்தின் கோரிக்கை அகலமானது, சட்டத்தரணி இல்லாமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

காயப்பட்டவரைப் போய்ப் பாருங்கள். ஊர் வழக்கமும் அதுதான், பின்னால் பேசித் தீர்க்கவும் அதுதான் கதவு. ஆனால் வாட்ஸ்அப்பில் "எல்லாச் செலவும் நான் பாக்கிறன் அண்ணை" என்று அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காசு, பால்மா, வாகன வாடகை எதுவானாலும் தேதியோடு எழுதி ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். சின்னத் தொகையென்றாலும் பின்னால் கழிக்கலாம்.

4. அழைப்பாணையை ஒளித்துத் திரியாதீர்கள்

பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அதிகாரி) வரும்போது வீட்டில் இல்லை என்று சொல்ல வைப்பது எங்கள் சனத்தின் பழைய வழக்கம். அதனால் வழக்கு நிற்காது. நீங்கள் வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விசாரித்து, அவர்கள் சொன்ன தொகையையே தீர்ப்பாக்கிவிடலாம். அப்படி ஒரு தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்தால், அதை நீக்கக் கேட்க 14 நாள்தான். ஏன் வரவில்லை என்பதற்கு நியாயமான காரணமும் காட்ட வேண்டும். மருத்துவச் சான்றிதழ், அழைப்பாணை கிடைக்கவில்லை என்பதற்கான ஆதாரம் போன்றவை. முழு விசாரணைக்குப் பின் வந்த தீர்ப்பை மேன்முறையீடு செய்வதென்றால் 14 நாளுக்குள் அறிவித்தல், 60 நாளுக்குள் மனு.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். அவர்களுடைய நிலையங்கள் பொதுவாக நீதிமன்றத்தோடோ அதற்கு அண்மையிலோ இருக்கும். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிட, வருமானச் சான்றிதழ் (பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு), அஸ்வெசும (அரச உதவிப்பணம்) கிடைக்கிறதென்றால் அதற்கான ஆதாரம், அழைப்பாணையும் அதோடு வந்த எல்லாக் கடதாசியும். மேலொப்பத்துக்கு அதிகாரி இல்லாத நாளில் போனால் ஒரு நாள் வீண். எனவே அழைப்பாணை கிடைத்த மறுநாளே இதைத் தொடங்குங்கள்.

தனிச் சட்டத்தரணியை வைப்பதென்றால் முதல் சந்திப்பிலேயே மூன்று காசைப் பிரித்துக் கேளுங்கள்: மறுமொழி எழுத எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் (வழக்குக் கூப்பிடும் நாளுக்கும்) எவ்வளவு, விசாரணை நாளுக்கு எவ்வளவு. மறுமொழிக் காசைப் பார்த்து மலிவென்று நினைத்து, தவணைக்காசில் களைத்துப் போனவர்களை நீதிமன்ற விறாந்தையில் பார்த்தேன். சிவில் வழக்கு வருடக்கணக்கில் போகும், இடையில் தவணைகள் மாதக்கணக்கில் தள்ளிப் போகும்.

5. அவர்களால் உங்களிடம் எதை எடுக்க முடியும்?

வங்குரோத்தைப் பற்றி யோசிக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. தீர்ப்பு வந்த அன்றே யாரும் வீட்டுக்கு வந்து கதவைக் கழற்ற மாட்டார்கள். வென்றவர் நீதிமன்றத்தில் வேறாக விண்ணப்பித்து, பிஸ்கால் மூலம் உங்கள் சொத்தைப் பறிமுதல் செய்து விற்க வேண்டும். எடுக்கிறதற்கு ஒன்றுமில்லாதவருக்கு வங்குரோத்து என்ன செய்யப் போகிறது?

ஒரு கொப்பியில் எல்லாச் சொத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் அது எந்தக் கடதாசியில் இருக்கிறது என்று எழுதுங்கள். வன்னியில் முடிவைத் தீர்மானிப்பது அந்தக் கடதாசிதான்.

காணியில் தொடங்குங்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணியை நீதிமன்றத் தீர்ப்புக்காகப் பறிமுதல் செய்து விற்க முடியாது. குடியேற்றத் திட்டங்களிலும் மீள்குடியேற்றத்திலும் காணி பெற்றவர்களில் கனபேரிடம் இருப்பது இந்தப் பெர்மிட்தான். அதை வைத்துக்கொண்டு இரவில் நித்திரையில்லாமல் கிடப்பவர்களுக்காகவே இந்தப் பந்தியை எழுதுகிறேன். அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றால் பத்திரத்தின் முழுப் பிரதியைச் சட்டத்தரணியிடம் காட்டி அதன் நிபந்தனைகளைக் கேளுங்கள். உறுதி எழுதிச் சொந்தமாக வைத்திருக்கிற காணிக்கு, அதாவது உறுதிக் காணிக்கு, இந்தக் காவல் இல்லை, அது போகலாம். மச்சானுக்கு இரண்டும் இருந்தது: வீடு இருக்கிற இடம் பெர்மிட், வயல் உறுதி. அது தெரிந்த பிறகுதான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது என்று சொல்லலாம்.

மனைவியின் சீதனக் காணி அவருடையது. கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தேடிய தேட்டமென்றால் தேசவழமை (வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டம்) வருகிறது. யாருக்கு எவ்வளவு பங்கு, கடன் எந்தப் பங்கைத் தொடும் என்பதை உறுதிகளோடு போய்ச் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

உடுப்பு, படுக்கை, தொழில் செய்யும் ஆயுதங்கள், கமக்காரரின் உழவுச் சாமான் போன்றவற்றை எடுக்க முடியாது என்று சிவில் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. ஊழியர் சேமலாப நிதியிலும் கை வைக்க முடியாது. உழவு இயந்திரம் இந்தப் பட்டியலுக்குள் வருமா என்பதில் இரு பக்கமும் வாதாடும், நம்பிக் கொண்டிராதீர்கள். வங்கிக் கணக்கு, உங்கள் பெயரில் இருக்கிற வாகனம், கடை, நகை ஆகியவை எடுபடக் கூடியவை. லீசிங் வாகனத்தில் முதல் உரிமை லீசிங் கம்பனிக்கு.

கடன் கட்ட வழியில்லை என்பதற்காக மட்டும் உள்ளே போட மாட்டார்கள். ஆனால் சொத்தை ஒளித்தாலோ, கட்டாமல் நாட்டை விட்டு வெளிக்கிட முயன்றாலோ நிலைமை மாறும்.

இனி மிகப் பெரிய பொறி. வழக்கு வந்ததும் வயலைத் தம்பி பெயருக்கு எழுதுவது. நொத்தாரிசும் எழுதித் தருவார், காசும் வாங்குவார். கடன் கொடுத்தவரை ஏமாற்ற எழுதிய உறுதியை நீதிமன்றத்தில் உடைக்க முடியும். உடைத்தால் காணியும் போகும், வழக்கில் உங்கள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போகும், தம்பியும் நீதிமன்றப் படி ஏற வேண்டும். பின்னால் வங்குரோத்துக் கேட்கும்போது இதே உறுதி உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக இருக்கும்.

6. பேசித் தீர்ப்பது

கொப்பியில் எழுதிய கணக்கு இப்போது உதவும். எதிர்ப்பக்கச் சட்டத்தரணிக்கும் தெரியும், பெர்மிட் காணி மட்டும் உள்ளவரிடம் வென்ற தீர்ப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று. அதனால் மெல்ல மெல்லக் கிடைக்கிற காசுக்கு அவர்கள் இறங்கி வருவார்கள். தொகை சிறிதென்றால் வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியும் வரும். அங்கே செலவு இல்லாத மாதிரித்தான். போங்கள், மனதைத் திறந்து கதையுங்கள், ஆனால் கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

வழக்கு நடக்கிறதென்றால் தீர்வை நீதிமன்றத்திலேயே பதியச் செய்யுங்கள். தவணை முறையில் கட்ட நீதிமன்றம் இடம் தரும். தவணையைத் தீர்ந்த சந்தோஷத்தில் ஒத்துக்கொள்ளாமல், நெல் வருமானத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்: காலபோகம் வெட்டிக் காசு வருகிற மாதத்தில் பெரிய தொகை, மற்ற மாதங்களில் சின்னத் தொகை என்று கேட்கலாம். எங்களுக்கு அப்படித்தான் ஒத்துக்கொண்டார்கள். "ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதை எடுக்க முடியாவிட்டால், இரண்டு தவணை தவறினால் என்றாவது மாற்றக் கேளுங்கள்.

பொலிஸ் நிலையத்தில் வைத்து அவசரமாக எழுதும் சமாதானக் கடதாசிக்கு ஒரு நாள் தவணை கேட்டு, சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். தீர்த்த காசைக் கட்ட மீற்றர் வட்டிக்கோ (நாளுக்கு நாள் ஏறும் வட்டி) கிழமைக் கடனுக்கோ போகாதீர்கள். பொடியனின் குடும்பம் பொறுக்கும், கிழமைக் கடன்காரன் பொறுக்க மாட்டான். வெளிநாட்டில் சகோதரம் இருந்தால் இந்த இடத்தில் கேட்கலாம். முழுத் தொகையை ஒரே தரத்தில் கொடுப்பதென்றால் நல்ல குறைப்புக் கிடைக்கும்.

7. இதற்கெல்லாம் பிறகும் வங்குரோத்துத்தான் வழியென்றால்

உறுதிக் காணி, கடை என்று இழக்கச் சொத்து இருந்து, நட்டஈட்டோடு வேறு பல கடன்களும் கழுத்தை நெரித்தால் இந்தப் படி பொருத்தமாக இருக்கலாம். நட்டஈடு ஒன்றே கடன் என்றால் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை.

இலங்கையில் தனியாளின் வங்குரோத்துக்கு 1853ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம்தான் அடிப்படையாக இருந்து வந்திருக்கிறது. அதை மாற்றிப் புதிய சட்டம் கொண்டுவரும் வேலை நடந்து வருவதால், மனு எழுதும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சட்டத்தரணியிடம் முதலில் உறுதிப்படுத்துங்கள். பழைய முறையில், மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். சொத்து, கடன் முழுவதையும் சத்தியக் கடதாசியோடு காட்ட வேண்டும். அறிவித்தல் வர்த்தமானியில் வரும். கடன் கொடுத்தவர்கள் கூடுவார்கள், சத்தியத்தில் உங்களைக் கேள்வி கேட்கலாம். சொத்தைப் பொறுப்பேற்று விற்க ஒருவர் நியமிக்கப்படுவார். எல்லாம் ஒழுங்காக நடந்தால்தான் விடுவிக்கும் சான்றிதழ். ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் செய்யலாம் என்று நினைத்தால் அது நடக்காது.

மனுவுக்கு முன் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியவை:

- நட்டஈட்டுத் தொகை தீர்ப்பாகிவிட்டதா? தீர்மானிக்கப்படாத நட்டஈட்டுக் கோரிக்கையை வங்குரோத்துக் கணக்கில் சேர்ப்பதே சிக்கல். முந்திக்கொண்டு மனுப் போட்டால் மற்றக் கடன் போய் இது மட்டும் மிஞ்சலாம்.
- குடித்துவிட்டு ஓட்டிய குற்றச்சாட்டு இருக்கிறதா? அமெரிக்காவில் அப்படி நடந்த மரணத்துக்கும் காயத்துக்குமான கடன் வங்குரோத்தால் அழியாது. இங்கிலாந்தில் உடற்காயத்துக்கான நட்டஈடு நீதிமன்றம் தனியாகக் கட்டளையிட்டாலொழிய அழியாது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் இதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.
- எனக்குப் பிணை நின்றவர்களுக்கு என்ன நடக்கும்? கடன் உங்களை விட்டாலும் பிணையாளியை விடாது. வன்னியில் ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பிணை, அவர் கடனுக்கு இவர் பிணை. நீங்கள் விழுந்தால் வரிசையாக விழும்.
- கம்பனிப் பணிப்பாளராக இருக்கிறேனா, தேர்தலில் நிற்கும் எண்ணம் இருக்கிறதா? விடுவிக்கப்படாத வங்குரோத்துக்காரர் பணிப்பாளராகவோ பாராளுமன்ற உறுப்பினராகவோ இருக்க முடியாது.

சான்றிதழ் கிடைத்த பிறகும் வங்கிக் கதவு லேசில் திறக்காது. விதைநெல்லுக்கும் பசளைக்கும் போகத்துக்குப் போகம் கடனெடுக்கிறவர், அடுத்த விதைப்பை எதைக் கொண்டு செய்வது என்று மனுவுக்கு முன்பே கணக்குப் பார்க்க வேண்டும்.

8. கட்டிய காசை நீதிமன்றத்துக்குத் தெரியப்படுத்துங்கள்

தீர்ப்புக்குப் பிறகு வெளியில் வைத்துக் காசு கொடுத்தால், அது நீதிமன்றத்தில் அத்தாட்சிப்படுத்தப்படாவிட்டால் கட்டாத கணக்குத்தான். கையில் கொடுத்த காசுக்குக் கையெழுத்து இருந்தாலும், தீர்ப்பை நிறைவேற்றும்போது அந்தத் துண்டு உதவாமல் போகலாம். தீர்ப்பாணையை 10 வருடம் வரை நிறைவேற்றக் கேட்கலாம், வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே வங்கியில் அவர்கள் கணக்குக்குப் போடுங்கள். சிட்டையில் வழக்கு இலக்கத்தை எழுதுங்கள், இரண்டு போட்டோப் பிரதி எடுங்கள். அந்த மை சில மாதத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தில் பதியுங்கள். கடைசித் தவணை முடிந்ததும், முழுவதும் தீர்ந்தது என்ற பதிவின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். உறுதிக் காணியில் பறிமுதல் அறிவித்தல் பதியப்பட்டிருந்தால், அந்தப் பிரதியோடு காணிப் பதிவகத்துக்குப் போய் அதை நீக்க விண்ணப்பியுங்கள். சில கிழமை கழித்துப் பதிவேட்டின் சுருக்கத்தை எடுத்து, நீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.